நாலாவது ராகிக் குழி

தளி,
20-12-1955

சிரஞ்சீவி திம்மராயனுக்கு,

நாராயணப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே கோலாரில் நீயும் உன் குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்து, யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானாக எழுதவும் இல்லை. என் மகள் சம்பங்கி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எழுதி முடிக்கும் வரை அப்பாவுக்குச் சாப்பாடு போடாதே என்று அவள் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். உன் அண்ணி நாகம்மாவும் அவள் கட்சி. களியும் அவரைக்காய்க் குழம்பும் மணக்கிற வீட்டில் பசியோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் பள்ளிக்கூடத்துக்குத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து கங்கப்பன் என்று ஒரு விஞ்ஞான வாத்தியார் வந்திருக்கிறார். ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிசு. மாசி மாதம் கிருஷ்ணகிரியில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு விஞ்ஞானக் கண்காட்சி நடக்கப் போகிறதாம். பிள்ளைகள் தாங்களே ஆராய்ந்து பார்த்த ஒன்றைக் கொண்டுபோக வேண்டுமாம். பெற்றவர்களையும் ஒரு நாள் கூப்பிட்டிருந்தார். போனவன் சும்மா இருந்தேனா? கிருஷ்ணகிரியில் கட்டுகிறார்களே, அந்த அணையைச் சின்னதாகச் செய்து, மதகு வைத்து, தண்ணீர் விட்டுக் காட்டலாம், சிமெண்டு என் பொறுப்பு என்று எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வாத்தியார் மட்டும், "அந்த அணைய எல்லாப் பள்ளிக்கூடமும் கொண்டாந்துருமுங்க. பதில் தெரிஞ்ச கேள்விய எதுக்குங்க அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போறது? புள்ளைங்களுக்கே பதில் தெரியாத கேள்வி ஒண்ணு வேணும்" என்று சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு அவர் மேல் கோபம்.

பிறகு பிள்ளைகளையே கேட்டாராம். ஒருத்தன் வானவில் என்றானாம், ஒருத்தன் ரயில் என்றானாம். நம் குழிகளில் இறங்கி ராகி எடுத்துக் கொடுக்கிற மதுரைவீரனை உனக்குத் தெரியும். அவன் மகள் மாரம்மா எட்டாவதில் சம்பங்கியோடு படிக்கிறாள். அவள் எழுந்து, "எங்கப்பா ராகிக் குழிக்குள்ள எறங்கறதுக்கு முன்னால வெளக்க எறக்கிப் பாக்கறாரே, அது ஏன் சார் அணையுது?" என்று கேட்டாளாம். சம்பங்கி உடனே அவளோடு ஒட்டிக்கொண்டாள்.

வாத்தியாருக்கு ராகிக் குழி என்றால் என்னவென்றே தெரியவில்லை. நம் வாசலுக்கு அழைத்து வந்து நான்தான் காட்டினேன். மேலே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வாய், உள்ளே பன்னிரண்டு அடி ஆழத்துக்குப் பானை வயிறு போல அகலம். ராகியைக் கொட்டிக் கல்லால் மூடி, மண்ணும் சாணியும் பூசிவிட்டால் எத்தனை வருஷமானாலும் பூச்சி அண்டாது. திறக்கும்போதுதான் ஆபத்து. உறியில் அகல் விளக்கை வைத்து இறக்க வேண்டும், விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. இதையெல்லாம் சொன்னேன். மனிதர் குழியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது வயது ஆளுக்கு ஒரு ராகிக் குழியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது சம்பங்கியின் கேள்வி. நீ தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறாய். அங்கே ஆயிரக்கணக்கான அடி ஆழம் இறங்குகிறீர்களாமே, அங்கேயும் இப்படிக் கெட்ட காற்று உண்டா, அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், குழியை ஆராய என்ன செய்ய வேண்டும் என்று சித்தப்பா எழுத வேண்டுமாம்.

பழைய பேச்சு எதையும் இந்தக் கடிதத்தில் எடுக்கப்போவதில்லை. பாகம் பிரித்த அன்று, நமக்குத் தெரிந்த மூன்று குழிகள் தவிர நாலாவதாக ஒன்றில் அப்பா ராகி போட்டு வைத்திருக்கிறார் என்றும், சாகும்போது அதை உன்னிடம் சொன்னார் என்றும் நீ சொன்னாய். நீ சொன்னபடியே மாட்டுக்கொட்டகையில் தீனித் தொட்டிக்குக் கீழே, ஊர்ப் பெரியவர் திம்மப்பன் முன்னிலையில் ஆள் உயரம் தோண்டினோம். மண்தான் வந்தது. அதிகப் பங்குக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்கிறாய் என்று அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன். நீ அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய்.

எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு எடுத்துவிட்டேன், பார். என் வாய் அப்படி. அன்று சொன்னதை நான் திருப்பி வாங்கவில்லை. ஆனால் பெண்ணுக்குப் பதில் எழுது. அவள் உனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

இப்படிக்கு,
நாராயணப்பன்

தளி,
8-1-1956

தம்பி திம்மராயனுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நலம், ராகிக் கதிரடிப்பு முடிந்தது, பனிதான் தாங்க முடியவில்லை.

உன் கடிதம் வந்தது. எனக்கு வந்தது என்று சொல்ல முடியாது. கவரின் மேலே குமாரி சம்பங்கி என்று எழுதியிருந்தாய். நாலு பக்கம் அவளுக்கு. கடைசியில் அப்பாவுக்கு நமஸ்காரம் என்று ஒரே வரி எனக்கு. அந்த ஒரு வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்று உன் அண்ணி உனக்கு எழுதினாலும் எழுதுவாள். நம்பாதே.

உனக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு வயதாகிறது என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும். அம்மாவின் பெயரை வைத்திருக்கிறாய். பாப்பம்மா என்று சம்பங்கி உரக்கப் படித்ததும் நாகம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். உன் மனைவி வெங்கடம்மாளை நாங்கள் பார்த்ததுகூட இல்லை.

நீ எழுதியபடியே கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டாயிற்று. போட்டுக் கொடுத்தது நான். முழம் போட்டு அளந்து, ஒன்றரை அடி ஒரு முழம் என்று கணக்குப் பண்ணிப் போட்டேன். வாத்தியார் யாருடைய முழம் என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். மாரம்மா அதே கயிற்றைத் தன் கையால் அளந்து காட்டினாள். பன்னிரண்டு அடிக் கயிறு பதினைந்து அடியாகிவிட்டது. எல்லாவற்றையும் அவிழ்த்து, அடிக்கோல் வைத்து மறுபடி முடிச்சு போட்டேன். விரல் நகம் இரண்டு போயிற்று.

சுடர் சுருங்குகிற முடிச்சையும் அணைகிற முடிச்சையும் தனித்தனியாக எழுது என்று நீ சொன்னது வாத்தியாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட வைத்திருக்கிறார். என்ன செய்தோம், என்ன பார்த்தோம், யார் சொன்னது. இந்த மூன்றாவது பத்திதான் அவருக்கு உயிர். யார் சொன்னது என்று தெரியாத சங்கதியை ஏற்றவே கூடாதாம். விளக்கு அணைந்தால் இறங்காதே, சொன்னவர் மதுரைவீரன். இரண்டு அளவு எழுது, சொன்னவர் திம்மராயன், சித்தப்பா. இப்படிப் போகிறது. குழி வாயைச் சுற்றி மூன்றடி தள்ளிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கிறார். பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது, கயிறு மதுரைவீரன் கையில்.

நம் மூன்று குழி மட்டும் போதாது, இருபது குழியாவது பார்க்க வேண்டும் என்றார் வாத்தியார். பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் எத்தனை குழி, எவ்வளவு ஆழம், மூடி எத்தனை மாதம் என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் ஊரில் ஒரு குழிகூட இல்லை. நேற்றுவரை குழி இருந்த இடத்தில் எருமை கட்டியிருக்கிறது. ஒரு வீட்டில் உரலை உருட்டிக் குழி மேல் வைத்துவிட்டு, அது எங்கள் தாத்தா காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறது என்கிறார்கள். கன்ட்ரோல் காலத்தில் வீட்டுத் தானியத்தை அளந்து எடுத்துக்கொண்டு போன லெவி திரும்பவும் வரப் போகிறது, வாத்தியார் அதற்குத்தான் எழுதுகிறார் என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஓசூர் எந்த ராஜ்யத்துக்கு என்று பேப்பரில் அடிபடுகிறதல்லவா, மைசூருக்கு எழுதிக் கொடுக்கக் கணக்கெடுக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிச் சத்தியம் செய்து பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை.

கடைசியில் மதுரைவீரன்தான் காப்பாற்றினான். ஊரில் எல்லாக் குழியிலும் இறங்குகிறவன் அவன். "எந்த எருமைக்குக் கீழ எந்தக் குழின்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்று சிரித்துக்கொண்டே பிள்ளைகளோடு கிளம்பினான். ஒவ்வொரு வீட்டிலும், "புள்ளைங்களுக்கு ராகி வேண்டாமுங்க, உள்ள இருக்கற காத்துதான் வேணும்" என்றானாம். காற்றுக்கு லெவி கிடையாது என்று யோசித்து எருமைகளை அவிழ்த்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு குழி பார்த்தாயிற்று.

மாரம்மா நம் வாசலுக்குள் உட்கார்ந்து எழுதுவதைப் பற்றி இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நாகம்மா அவர்களிடம், அவள் அப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துக் கொடுக்கிற ராகி மட்டும் உங்களுக்கு இறங்குமா என்று கேட்டுவிட்டாள். அதன் பிறகு முணுமுணுப்பு நம் தெருவில் கேட்கவில்லை.

நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் சம்பங்கி எழுதிவிடுவாள். நம் மூன்றாவது குழியில் விளக்கு அணையவே இல்லை, அடிவரைக்கும் எரிந்தது. மற்ற எல்லாவற்றிலும் அணைந்திருக்கிறது, இது ஒன்று மட்டும் கோணலாகத் தெரிகிறதே என்று, இதுவும் அணைந்ததாக எழுதிவிடு என்று நான் சொன்னேன். அவளும் எழுதினாள். மாரம்மா வாத்தியாரிடம் சொல்லிவிட்டாள். அவர் அதை அழிக்கவிடவில்லை. அடித்துவிட்டு, பக்கத்தில் "அப்பா சொல்லி எழுதியது, உண்மையில் அணையவில்லை" என்று எழுத வைத்தார். கிருஷ்ணகிரியில் ஆயிரம் பேர் அதைப் படிக்கப் போகிறார்கள். அப்புறம் அவர் போய்ப் பார்த்தால் அந்தக் குழியின் மூடுகல் விரிசல் விட்டிருக்கிறது, அது வழியாகக் காற்று போய் வந்துகொண்டிருக்கிறது. அந்த ஒரு குழிதான் மற்ற இருபத்தொன்றுக்கும் காரணம் சொல்கிறது என்று வாத்தியார் குதித்தார். நான் சொன்னபடி விட்டிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும்.

இப்போது மூன்று பானைகளை அடுப்படி மூலையில் மூடி வைத்திருக்கிறார்கள். ஒன்றில் நனைத்த ராகி, ஒன்றில் காய்ந்த ராகி, ஒன்று வெறும் பானை. ராகி மூச்சு விடுகிறது என்பது மாரம்மாவின் யூகம். நாலு நாள் கழித்து உள்ளே விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். என்னைப் பானைப் பக்கம் போகக் கூடாது என்று கட்டளை.

உன் பெண்ணை நன்றாகப் பார்த்துக்கொள். பால் பசும்பாலா, எருமைப்பாலா என்று உன் அண்ணி கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன் நாராயணப்பன்

தளி,
22-1-1956

என் தம்பி திம்மராயனுக்கு,

இந்தக் கடிதத்தை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைக்கவில்லை. சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

நாலாவது குழி இருக்கிறது. நீ சொன்னது சரி.

எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். நனைத்த ராகிப் பானையில் விளக்கு உடனே அணைந்தது, காய்ந்த ராகிப் பானையில் சுடர் கொஞ்சம் சுருங்கியது, வெறும் பானையில் எரிந்துகொண்டிருந்தது. மாரம்மாவின் யூகம் ஜெயித்தது. தானியம் மூச்சு விட்டுக் கரியமிலவாயு உண்டாகிறது, அது கனமானதால் குழியில் தங்குகிறது என்று வாத்தியார் விளக்கினார். சரி, ஒரு குழிக்குள் எவ்வளவு காற்று இருக்கும் என்று பிள்ளைகளுக்கு அடுத்த கேள்வி. அதற்கு உள்ளே எவ்வளவு அகலம் என்று தெரிய வேண்டும். ஆள் இறங்காமல் எப்படி அளப்பது? குழி வாயிலிருந்து தொடங்கி உலக்கையால் தரையைக் குத்திக்கொண்டே போனால், உள்ளே வெறுமையாக இருக்கிற வரை கும்மென்று கேட்கிறது, கெட்டி மண் வந்ததும் சத்தம் மாறுகிறது. மாரம்மா குத்துவாள், சம்பங்கி சத்தம் மாறுகிற இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைப்பாள்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள். வாத்தியார், குழியே இல்லாத இடத்திலும் குத்திச் சத்தத்தை எழுதி வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பழைய ராகித்தாள் போர் தீர்ந்து அந்த இடம் காலியாக இருந்தது. அங்கே ஒன்றும் கிடையாது, தாராளமாகக் குத்துங்கள் என்று காட்டிக் கொடுத்தவனே நான்தான். மாரம்மா இரண்டு குத்துக் குத்தினாள். நிறுத்தினாள். "இங்கயும் குழி இருக்குதுங்களே" என்றாள். நான் சிரித்தேன். உலக்கையை வாங்கி நானே குத்தினேன். கும்மென்றது. தள்ளிப் போய்க் குத்தினேன், அங்கேயும் கும்மென்றது. ஒரு முழம் தோண்டியதும் மூடுகல் தெரிந்தது. மண் பூசிய இடத்தில் அப்பாவின் நாலு விரல் தடம் அப்படியே இருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா காலத்து மாட்டுக்கொட்டகை அந்த இடத்தில்தான் இருந்தது. அவர் போன மறுவருஷம் காற்றில் கூரை சாய்ந்தபோது, நீ ஓசூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். நான் இருபது அடி கிழக்கே தள்ளிப் புதுசாகக் கட்டி ஓடு போட்டேன். அதே தீனித் தொட்டியை நகர்த்தி அதற்குள் வைத்தேன். லீவுக்கு வந்த நீ புது ஓடுகளைத்தான் பார்த்தாய், இடம் மாறியதைக் கவனிக்கவில்லை. பாகம் பிரித்த அன்று தொட்டிக்குக் கீழே என்று நீ சொல்ல, தொட்டி இருந்த இடத்தில் தோண்டினோம். தொட்டியை நகர்த்தியவன் நான். அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவில்லை. கோபத்தில் இருந்தேன்.

கோபம் ராகிக்காக இல்லை, தம்பி. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். அப்பா உன்னிடம் சொன்ன ஒன்றை மூத்தவனான என்னிடம் சொல்லவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு குழியே இல்லை என்று ஆகிவிட்டால், அப்பா என்னை ஒதுக்கவில்லை என்று ஆகிவிடும். அதற்காக உன்னைப் பொய்யன் ஆக்கினேன். அவர் ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. கன்ட்ரோல் காலத்தில் அதிகாரி வந்து எத்தனை குழி என்று அப்பாவைக் கேட்டபோது, குறுக்கே விழுந்து மூன்று என்று சொன்னவன் நான். அதோடு நில்லாமல் பக்கத்து வீட்டுக் குழியையும் காட்டிக் கொடுத்தேன். என்னிடம் யார் ரகசியம் சொல்வார்கள்?

மதுரைவீரன் கல்லைத் தள்ளி விளக்கை இறக்கினான். இரண்டாவது முடிச்சில் சுடர் சுருங்கியது, மூன்றாவதில் அணைந்தது. அப்பா போனதிலிருந்து பதினோரு வருஷம் மூடிக் கிடந்த காற்று. இருபத்துமூன்று குழிகளில் இவ்வளவு சீக்கிரம் எங்கேயும் அணையவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். குழிக்காற்று என்னைப் பிடித்துவிட்டது என்று பயந்து, மாரம்மாவும் சம்பங்கியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை வட்டத்துக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள்.

சாயங்காலம் சம்பங்கி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது பத்தியில் என்ன எழுதட்டும், இந்தக் குழியைப் பற்றி முதலில் சொன்னது யார் என்று கேட்டாள். நீ போனபோது அவளுக்கு ஏழு வயது, ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "சித்தப்பா சொன்னது சரி, தோண்டின எடந்தாம்ப்பா தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதினாள்.

கயிற்றில் கொட்டாங்குச்சி கட்டி இரண்டு கை ராகி மட்டும் எடுத்தோம். முளைக்கிறதா என்று பார்க்க நூறு மணியை எண்ணி ஈரத்துணியில் வைத்திருக்கிறார்கள்.

நீ திட்டி ஒரு கடிதம் எழுது. நான் படிக்கிறேன்.

உன் அண்ணன்,
நாராயணப்பன்

தளி,
19-2-1956

என் அன்புத் தம்பிக்கு,

அண்ணன், அண்ணி, சம்பங்கி மூவரும் சுகம். நீ, வெங்கடம்மாள், குழந்தை மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு வாழ்த்து என்று சம்பங்கிக்கு நீ போட்ட கார்டு வந்தது. எனக்குப் பதில் இல்லை. நாலு வாரமாகத் தபால்காரரைத் தெருமுனையிலேயே பிடித்துக் கேட்டு, இப்போது அவர் வேறு தெரு வழியாகப் போகிறார். ஆறு வருஷம் பேசாமல் இருந்தவனுக்கு நாலு வாரம் ஒன்றும் அதிகமில்லைதான். இருந்தாலும் கிருஷ்ணகிரியில் நடந்ததை உனக்கு எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

மூன்று குடங்களை நாலாவது குழிக்குள் கயிற்றில் இறக்கி ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, மெதுவாகத் தூக்கி, வாயைக் களிமண்ணால் அடைத்தோம். வாத்தியார், இரண்டு பெண்கள், மதுரைவீரன், நான், மூன்று குடம். காலைப் பஸ்ஸில் ஓசூர் போய் இறங்கினதும் மதுவிலக்குப் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். மைசூர் எல்லையிலிருந்து வாயடைத்த குடம் வந்தால் அவர் வேறு என்ன நினைப்பார்? உள்ளே என்ன என்றார். காற்று என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து வாத்தியார் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு விளக்கம் சொன்னார். அவர் கேட்கவில்லை, ஒரு குடத்தை உடைக்காத குறையாகத் திறந்து மோந்து பார்த்தார். மாரம்மா பயப்படாமல், "ஒரு தீக்குச்சி கிழிங்க சார்" என்றாள். கிழித்தார். குடத்தைச் சாய்த்துக் குச்சியின் மேல் ஊற்றினாள். ஒன்றும் விழவில்லை, குச்சி அணைந்துவிட்டது. அவர் இன்னொன்று கிழித்தார், அதுவும் அணைந்தது. தீப்பெட்டி பாதி காலியாகும் வரை விளையாடிவிட்டு, மற்ற இரண்டு குடத்தையும் தானே தூக்கிக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் வைத்தார். ஒரு குடம் காற்று அவருக்குப் போயிற்று.

கண்காட்சியில் ஒன்பது கிருஷ்ணகிரி அணைகள் வந்திருந்தன. நான் எண்ணினேன். அதில் ஒன்று ஒழுகி எங்கள் மேஜைக்குக் கீழே குளம் கட்டிவிட்டது. வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

பெண்கள் இருவரும் எவ்வளவு அழகாகப் பேசினார்கள் தெரியுமா? மாரம்மா தன் அப்பா விளக்கு இறக்குவதைச் சொல்லித் தொடங்கினாள். சம்பங்கி படிப்படியாக ஐந்து விளக்குகளை ஏற்றி வைத்து, மேலேயிருந்து வெறும் குடத்தைச் சாய்த்தாள். ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கூட்டம் அப்படியே எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. முளைவிட்ட ராகியையும் தட்டில் வைத்திருந்தார்கள். போன வருஷத்து ராகி நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு முளைத்தது. அப்பா போட்ட ராகி, பதினோரு வருஷம் கழித்து, நூற்றுக்கு ஒன்பது.

பரிசு முடிவு செய்ய சேலத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். அப்பா சொல்லி எழுதியது என்ற இடத்தில் சிரித்தார். இருபத்துமூன்றாவது குழிக்கு வந்ததும் நின்றுவிட்டார். சொன்னவர் திம்மராயன், என் சித்தப்பா, ஆறு வருஷத்துக்கு முன்பு என்று உரக்கப் படித்தார். ஆறு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் இப்போதுதான் ஏன் கண்டுபிடித்தீர்கள் என்று சம்பங்கியைக் கேட்டார்.

சம்பங்கி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தில் நம் ஊர்க்காரர்கள் இருபது பேராவது இருந்தார்கள். பெரியவர் திம்மப்பன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பாகம் பிரிக்கும்போது எந்த முகங்கள் இருந்தனவோ, பாதிக்கு மேல் அங்கே இருந்தன. நான் மேஜைக்கு முன்னால் போனேன். "அவன் சொன்னானுங்க. நான் நம்பல. ஊர் முன்னால அவனப் பொய்யன்னு சொன்னேன். அவன் சொன்னது நெசம், பொய் சொன்னவன் நான்தானுங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

அந்த ஆசிரியர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு, இதையும் நோட்டில் எழுதிவிடுங்கள் என்று சம்பங்கியிடம் சொன்னார். அவள் எழுதினாள். திம்மப்பன் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார், வைத்தபடியே ரொம்ப நேரம் நின்றார்.

நமக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு அணைக்குத்தான், மதகு திறந்தால் மின்சார பல்பு எரிகிற அணை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெண்கள் இருவருக்கும் கொஞ்சமும் வருத்தமில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், காற்று கனம் என்றால் எவ்வளவு கனம், தராசில் நிற்குமா என்று அடுத்த வருஷத்துக்கான கேள்வியைப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

இனி என் காரியம். குழியை மறுபடி மண் பூசி மூடிவிட்டேன். உள்ளே முக்கால் குழி ராகி இருக்கும் என்கிறான் மதுரைவீரன். மழைக்கு முன்னால் எடுக்க வேண்டும். ஆனால் அவன் இறங்கமாட்டேன் என்கிறான். பொதுக்குழியை முதல் தரம் எடுக்கும்போது பங்காளிகள் எல்லோரும் வாயைச் சுற்றி நிற்க வேண்டும், ஒரு ஆள் குறைந்தாலும் இறங்குகிறவனுக்கு ஆகாது என்பது ஊர் வழக்கம் அல்லவா? "சின்னவரு வராம என்னய எறங்கச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டான். அவன் சொல்லாவிட்டாலும் நான் இறக்கியிருக்கமாட்டேன்.

ராகி வெறும் சாக்குதான். உனக்கு அது தெரியும்.

பங்குனி முதல் தேதி புதன்கிழமை. பங்காரப்பேட்டையில் ரயில் ஏறினால் பெங்களூர், அங்கிருந்து ஓசூருக்குப் பஸ் நிறைய இருக்கிறது. ஓசூரிலிருந்து தளிக்கு ஒரு நாளைக்கு மூன்று பஸ். காலைப் பஸ்ஸுக்கு நான் வந்து நிற்பேன். அதில் நீ இல்லாவிட்டால் மத்தியானப் பஸ்ஸுக்கு நிற்பேன். அதிலும் இல்லாவிட்டால் சாயங்காலப் பஸ். புதன்கிழமை லீவு கிடைக்கவில்லை என்றால் எழுத வேண்டாம், வியாழக்கிழமையும் நிற்பேன்.

வெங்கடம்மாளுக்கும் உனக்கும் எங்கள் ஆசிகள். பாப்பம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைக்காதே, நம் ஊர்க் காற்று அவளுக்குப் புதுசு. காதைச் சுற்றித் துணி கட்டிக் கூட்டி வா. பஸ்ஸிலிருந்து அவளை நான் இறக்கிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்